சாவி போடும் முன் வண்டியைச் சுற்றி: லாரிக்காரர்களின் கேள்விகள்

இந்த மாதம் கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறை, புளியரை, கம்பம் பக்கமிருந்தும், ஆந்திர எல்லையில் பலமனேர், நகரி பக்கமிருந்தும் வந்த கடிதங்களைச் சேர்த்திருக்கிறோம். கனரக வண்டியை எடுக்கும் முன் தினமும் எதைப் பார்க்க வேண்டும், பார்க்கத் தவறினால் பொறுப்பு யாருக்கு என்பதே எல்லாவற்றிலும் கேள்வி.

கேள்வி: என் இரண்டு டாரஸ் (பல அச்சுக் கனரக லாரி) வண்டிகளுக்கும் எஃப்.சி. (தகுதிச் சான்று) எடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. கனடாவில் டிரக் ஓட்டும் மருமகன், அங்கே தினமும் வண்டியைச் சோதித்து எழுதி வைக்காமல் ரோட்டில் ஏறவே முடியாது என்கிறார். நம் நாட்டில் அப்படிச் சட்டம் உண்டா? எஃப்.சி. இருந்தால் போதாதா?
— லாரி உரிமையாளர், கொழிஞ்சாம்பாறை

மருமகன் சொல்வது சரி. கனடாவில் ஒரு முறை செய்த சோதனை 24 மணி நேரத்துக்குத்தான் செல்லும். பெரிய குறை என்று பட்டியலில் இருக்கும் ஒன்று கண்ணில் பட்டால், சரிசெய்யாமல் வண்டியை நகர்த்தக் கூடாது. அமெரிக்காவில் ஓட்டுநர் வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறது என்று தானே திருப்திப்பட்ட பிறகுதான் எடுக்க வேண்டும். ஓட்டி முடித்த பிறகு, குறை இருந்தால் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரேக், ஹேண்ட் பிரேக், ஸ்டீயரிங், விளக்குகள், டயர், ஹாரன், வைப்பர், கண்ணாடி, இணைப்புக் கொக்கி, வீலும் ரிம்மும், அவசரச் சாதனங்கள் என்று பதினொன்றை அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

நம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சாதாரணச் சரக்கு லாரிக்குத் தினமும் படிவம் நிரப்பச் சொல்லும் விதி இல்லை. ஆனால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(1) பிரிவை ஒரு முறை நிதானமாகப் படியுங்கள். ஆபத்து விளைவிக்கக்கூடிய குறையோடு வண்டியை ஓட்டுவது குற்றம். அந்தக் குறை அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே போதும். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும் ஓட்ட அனுமதித்தவரும் அதில் வருகிறார்கள். அதாவது நீங்களும். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் குறையால் விபத்து நடந்து யாருக்காவது காயமோ சொத்துக்குச் சேதமோ ஏற்பட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். தினசரிச் சோதனை என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் தினமும் சோதிக்காதவர் 'சாதாரணக் கவனம்' காட்டினேன் என்று எதை வைத்துச் சொல்வார்?

எஃப்.சி. என்பது அந்த நாளில் வண்டி எப்படி இருந்தது என்பதற்கான சான்று. எட்டு வயதுக்குட்பட்ட வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையும் பார்க்கிறார்கள். வீல் நட் தளர இரண்டு ஆண்டு ஆகாது, ஒரு லோடு போதும்.

கேள்வி: பலமனேரில் தக்காளி ஏற்றி மொகிலி காட் (மலைச் சாலை) இறங்கி, சித்தூர் வழியாக வேலூர் வருகிறேன். காலையில் யார்டில் மிதித்துப் பார்த்தால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. இறக்கத்தில் பாதி வந்ததும் எவ்வளவு மிதித்தாலும் வண்டி அடங்க மறுக்கிறது. மெக்கானிக் அண்ணன் 'ஒன்றும் இல்லை, லோடு அதிகம்' என்கிறார். காலையிலேயே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?
— ஓட்டுநர், பலமனேர்

இருக்கிறது. ஆனால் பெடலை மிதித்துப் பார்ப்பதால் கண்டுபிடிக்க முடியாது. ஏர் பிரேக்கில் உங்கள் கால் உணர்வது வால்வில் இருக்கும் ஸ்பிரிங்கின் எதிர்ப்பை மட்டுமே. லைனிங்குக்கும் (உரசிப் பிடிக்கும் பட்டை) டிரம்முக்கும் (வீலோடு சுற்றும் உருளை) நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது காலுக்குத் தெரியாது. ஆறு வீலில் இரண்டு வேலை செய்யாவிட்டாலும் பெடல் அதே கனத்தில்தான் இருக்கும். யார்டில் காலி வண்டியை, பத்துக் கிலோமீட்டர் வேகத்தில், மீதி நான்கு வீலே நிறுத்திவிடும்.

இறக்கத்தில் நடப்பது இதுதான். டிரம் சூடேறினால் விரிகிறது. அது விரிந்த அளவுக்கு லைனிங் கூடுதலாக நகர வேண்டியிருக்கிறது. பிரேக் சேம்பர் என்ற காற்று அறையிலிருந்து வெளியே வந்து லைனிங்கை நகர்த்தும் புஷ் ராடுக்கு ஓர் எல்லை உண்டு. காலையிலேயே அந்த எல்லைக்கு அருகில் இருந்த ராடு, டிரம் சூடானதும் எல்லையை முட்டி நின்றுவிடும். காற்று முழு அழுத்தத்தில் இருக்கும், லைனிங் மட்டும் டிரம்மை அழுத்தாது. லைனிங்கே சூட்டில் பிடிப்பை இழப்பது இதற்கு மேல் சேர்ந்துகொள்கிறது.

ஆகவே அளக்க வேண்டியது புஷ் ராடு நகரும் தூரத்தை. சமதளத்தில் நிறுத்தி, ஒரு வீலுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். காற்று ஏற்றி இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். சேம்பர் முகத்தை ஒட்டி, ராடில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு கிளீனரைப் பெடலை முழுக்க மிதித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்போது காற்று 6 முதல் 7 பார் (அழுத்த அளவு) இருக்க வேண்டும். கோடு எவ்வளவு வெளியே வந்தது என்று ஸ்கேலால் அளங்கள். சேம்பரின் மேல் 24 அல்லது 30 என்று வகை எண் பதிந்திருக்கும். சாதாரண ஸ்ட்ரோக் (ராடு நகரும் தூரம்) உள்ள 24-க்கு 44 மில்லிமீட்டரும், 30-க்கு 51 மில்லிமீட்டரும் அமெரிக்கச் சோதனைகளில் மேல் எல்லை. லாங் ஸ்ட்ரோக் சேம்பர் என்றால் எல்லை வேறு, அது அதன் மேலேயே குறிப்பிட்டிருக்கும். காட் இறங்கும் வண்டிக்கு எல்லையைத் தொடும் அளவு போதாது. 10 மில்லிமீட்டராவது கையிருப்பு வைத்திருங்கள். ஒரே அச்சில் இடமும் வலமும் 6 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசப்பட்டால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

புஷ் ராடு முனையில் இருந்து இந்த இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டர் கையால் திருப்பும் வகை என்றால், அறுகோணத் தலையில் ஸ்பேனரை அழுத்தி, லைனிங் டிரம்மைத் தொடும் வரை திருப்பி, பிறகு கால் முதல் அரைச் சுற்று பின்னால் விடுங்கள். பூட்டும் வளையம் மீண்டும் வெளியே வந்து தலையைப் பிடித்துக்கொண்டதா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் ஓட ஓடத் தானாகத் தளர்ந்துவிடும். தானியங்கி அட்ஜஸ்டர் இருக்கும் வண்டியில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அது தானாகச் சரிசெய்யவில்லை என்றால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது: லைனிங்கை விரிக்கும் கேம் ஷாஃப்ட்டின் புஷ் தேய்ந்திருக்கும், ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின் ஓட்டை பெரிதாகியிருக்கும், அல்லது அட்ஜஸ்டரே போயிருக்கும். கையால் திருப்பினால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு அதே நிலைக்கு வரும். அந்த இரண்டு நாளில் உங்களுக்கு நம்பிக்கை வந்துவிடும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. மெக்கானிக்கிடம் "அட்ஜஸ்ட் பண்ணுங்க" என்று கேட்காமல், "இந்த வீலில் ராடு இத்தனை மில்லிமீட்டர் வருது, ஏன்?" என்று கேளுங்கள். லோடு அதிகம் என்ற பதில் அப்போது வராது.

காற்று கசிவதையும் அப்படியே பார்த்துவிடலாம். கட்டை இருக்கட்டும், இன்ஜின் அணைந்திருக்கட்டும். பெடலை அழுத்திப் பிடித்து ஒரு நிமிடம் மீட்டர் முள்ளைப் பாருங்கள். டிரெய்லர் இல்லாத வண்டியில் 0.2 பாருக்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும். முதலில் சேம்பர் டயாஃப்ரம் (உள்ளே இருக்கும் ரப்பர் தகடு), பிறகு ஹோஸ் வளையும் இடங்கள். அடுத்து, சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 4 பாருக்கு இறங்கும் முன்பே எச்சரிக்கை விளக்கோ பஸ்ஸரோ வர வேண்டும். பஸ்ஸர் சத்தம் தொந்தரவு என்று வயரைப் பிடுங்கி வைத்திருக்கும் வண்டிகள் நிறைய ஓடுகின்றன. இன்றே மாட்டிவிடுங்கள்.

இறங்கும் முறையும் முக்கியம். மேலேயே நிறுத்தி, ஏறும் கியருக்குச் சமமான அல்லது அதற்கும் குறைந்த கியர் போட்டு, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகைக் குழாயை அடைத்து இன்ஜினால் வேகம் குறைப்பது) ஆன் செய்துகொண்டு இறங்குங்கள். பிரேக்கை லேசாக மிதித்தபடியே வருவதுதான் டிரம்மைச் சுட வைக்கிறது. நீங்கள் வைத்திருக்கும் வேக எல்லையைத் தொட்டதும் அழுத்தமாக மிதித்து ஏழெட்டுக் கிலோமீட்டர் வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். அடிக்கடி தட்டித் தட்டி மிதித்தால் காற்று காலியாகும். இறங்கி முடித்ததும் சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடிப்பு விழும். நிழலில் நிறுத்தி ஆற விடுங்கள். ஆறும்போது புறங்கையை ஒவ்வொரு ஹப் பக்கமும் தொடாமல் நீட்டிப் பாருங்கள். எல்லா வீலும் சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்த வீல் இறக்கம் முழுக்க வேலையே செய்யவில்லை.

கேள்வி: ஏர் டேங்கில் தினமும் தண்ணீர் திறந்துவிட வேண்டுமா? ஏர் டிரையர் (காற்றின் ஈரத்தை எடுக்கும் சாதனம்) இருக்கிற வண்டிக்குத் தேவையில்லை என்கிறார்களே?
— கிளீனர், நகரி

திறந்துதான் பார்க்க வேண்டும். டிரையர் இருக்கும் வண்டியில் தண்ணீர் வரக் கூடாது. வந்தால் டிரையர் கார்ட்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க இதுவே எளிய வழி. டிரையர் இல்லாத பழைய வண்டியில் கம்ப்ரசருக்கு அடுத்திருக்கும் முதல் டேங்கில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறங்கள். பால் போன்ற வெள்ளைக் குழம்பாக வந்தால் கம்ப்ரசர் ஆயில் ஏற்றுகிறது, பிஸ்டன் ரிங் பார்க்க வேண்டும். அந்த ஆயில் வால்வுகளில் இருக்கும் ரப்பரை ஊற வைத்துக் கெடுத்துவிடும். கட்டை போடாமல் எந்த டேங்கையும் திறக்காதீர்கள்.

கேள்வி: கணவர் காலமான பின் மூன்று லாரிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். கம்பத்திலிருந்து குமுளி வழியாகக் கோட்டயம் போகிற லோடுகள். 'எல்லாம் பார்த்தாச்சு அக்கா' என்று டிரைவர் தம்பிகள் சொல்கிறார்கள். எனக்கு வண்டி தெரியாது. பார்த்தார்களா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது?
— ஒரு வாசகி, கம்பம்

உங்களுக்கு வண்டி தெரிய வேண்டியதில்லை, எண்களைக் கேட்கத் தெரிந்தால் போதும். "டயர் பார்த்தாயா" என்று கேட்டால் "பார்த்தேன்" என்று பதில் வரும். "முன் வலது டயரில் எத்தனை பிஎஸ்ஐ" (காற்றழுத்த அளவு) என்று கேட்டால், பார்த்தவரால்தான் பதில் சொல்ல முடியும். ஆகவே நோட்டில் டிக் அடிக்கும் கட்டங்களைக் குறைத்து, எண் எழுதும் கட்டங்களை வையுங்கள். ஒவ்வொரு டயரின் காற்று, ஏர் மீட்டர் முள் எங்கே நின்றது, ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, ஆயில் குச்சியில் எந்த மட்டம், கிலோமீட்டர். புஷ் ராடு அளவை வாரம் ஒரு முறை, மலை ஏறும் வண்டி என்பதால். 102, 104, 98 என்று மாறி மாறி வந்தால் அளந்திருக்கிறார்கள். வாரம் முழுக்க எல்லா டயரிலும் 110 என்றே இருந்தால், அது ஒரே நேரத்தில் உட்கார்ந்து எழுதியது.

நேரம் கொடுங்கள். பத்து வீல் வண்டியை ஒழுங்காகப் பார்க்க இருபது நிமிடம் ஆகும். காலை நாலு மணிக்கு லோடு கிளம்ப வேண்டும் என்று சொல்லி, நாலு மணிக்குத்தான் சாவியைக் கொடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். கையில் பிரஷர் கேஜ், நல்ல டார்ச், ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்கேல், இரண்டு கட்டை. இவை எப்போதும் கேபினில் இருக்க வேண்டும்.

அமெரிக்க முறையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. குறையை எழுதிய ஓட்டுநர் கையெழுத்திடுகிறார். சரிசெய்தாயிற்று, அல்லது சரிசெய்யத் தேவையில்லை என்று நிறுவனத்தின் சார்பில் ஒருவர் கையெழுத்திடுகிறார். அடுத்து வண்டியை எடுப்பவர் அதைப் படித்துவிட்டுக் கையெழுத்திடுகிறார். உங்கள் நோட்டிலும் மூன்று கையெழுத்துக்கு இடம் விடுங்கள். இரண்டாவது உங்களுடையது. பிரிட்டனில் இந்தப் பதிவுகளைப் பதினைந்து மாதம் பாதுகாக்கச் சொல்கிறார்கள். நீங்களும் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இன்னொன்று, குறை எழுதியதால் வண்டி நின்ற நாளுக்கு டிரைவர் தம்பியின் பேட்டாவைப் பிடிக்காதீர்கள். ஒரு முறை பிடித்தால் போதும், அதற்குப் பிறகு நோட்டில் குறையே வராது.

கேள்வி: புளியரை வழியாக எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஏற்றும் டிப்பர். பின் வீல் நட் அடிக்கடி தளர்கிறது. எவ்வளவு முறுக்கினாலும் பத்து நாளில் மறுபடியும் அதே கதை. ஒரு தடவை போல்ட்டே உடைந்துவிட்டது.
— டிப்பர் உரிமையாளர், செங்கோட்டை

'எவ்வளவு முறுக்கினாலும்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே ஒரு காரணமாக இருக்கலாம். ஸ்பேனரில் நீளக் குழாய் மாட்டி ஆள் ஏறி நின்று முறுக்கினால் போல்ட் இழுபட்டு நீள்கிறது. நீண்ட போல்ட்டுக்கு இறுக்கிப் பிடிக்கும் சக்தி இருக்காது. வண்டிக் கையேட்டில் இருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.

அடுத்த காரணம் டிஸ்க்கும் (நட் மாட்டும் வீல் தட்டு) ஹப்பும் சேரும் முகம். அங்கே மணல், துரு, தடித்த பெயின்ட் இருந்தால், ஓட ஓட அது நசுங்கி மெலிகிறது. நட் முறுக்கு குறைகிறது. வீலைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் கம்பி பிரஷ் போட்டுத் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நேர் எதிர் எதிராக முறுக்குங்கள், வட்டமாகப் போகாதீர்கள். மாட்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி முறுக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான்.

காலையில் பார்க்க வேண்டிய அடையாளங்கள்: நட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஓடும் செந்துருக் கோடு, நட்டின் அடியில் பளபளவென்று உரசிய வளையம். முறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து டிஸ்க் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு விலகியிருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். ஒரு போல்ட் உடைந்தால் அதற்கு இரு பக்கத்து போல்ட்டுகளும் கூடுதல் பாரத்தைத் தாங்கியிருக்கும், மூன்றையும் மாற்றுங்கள். டிஸ்க்கில் ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால் அந்த டிஸ்க் இனி ஆகாது.

டயரையும் அப்போதே பாருங்கள். ஜோடி டயருக்கு நடுவே சிக்கிய ஜல்லியை எடுக்காமல் கிளம்பினால் அது இரண்டு பக்கச் சுவரையும் அறுக்கும். ஜோடியில் ஒன்று 20 சதவீதம் காற்று குறைந்திருந்தால் அதைப் பஞ்சர் என்றே கொள்ளுங்கள்; அதன் பாரத்தில் ஒரு பகுதி பக்கத்து டயர் மேல் ஏறியிருக்கிறது. சுத்தியால் தட்டிப் பார்ப்பது முழுக்கக் காற்றுப் போன டயரைக் காட்டும், 110-க்கும் 85-க்கும் வித்தியாசம் காட்டாது. வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வையுங்கள். பட்டன் (டயரின் மேல் வெட்டு) ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது நம் விதி. மலைச் சாலையில் மழைக்காலத்துக்கு அது போதவே போதாது. ரீபட்டன் (பழைய டயரில் மேல் ரப்பர் புதிதாக ஒட்டிய) டயரை முன் வீலில் போடாதீர்கள்.

எடை பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த எம்-சாண்ட் ஒரு யூனிட் சுமார் நாலரை டன், நனைந்தால் ஐந்தைத் தொடும். 2018-ல் உயர்த்திய பிறகு மூன்று அச்சு வண்டியின் மொத்த எடை 28.5 டன். டிப்பரின் சொந்த எடை 11, 12 டன் போனால் மிச்சம் மூன்றரை யூனிட்டுக்குத்தான் இடம். ஐந்து யூனிட் ஏற்றினால் வீல் போல்ட் மட்டுமல்ல, கமான் பட்டை (பாரம் தாங்கும் வில் பட்டை), அதன் சென்டர் போல்ட், லைனிங் எல்லாமே கணக்கை விட்டு வெளியே போகின்றன. அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000 வீதம். அதிகமானதை இறக்கிவிட்டுத்தான் நகர வேண்டும்.

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கமிருந்து திருச்சூருக்கு வைக்கோல் ஏற்றுகிறோம். ஆடிக் காற்றில் தார்பாய் கிழிகிறது, கட்டு சாய்கிறது. கிளம்பும்போது நன்றாகத்தான் கட்டுகிறோம்.
— லோடுமேன், வேலந்தாவளம்

வைக்கோல் ஓட ஓட அமுங்கும். கிளம்பும்போது விண்ணென்று இருந்த கயிறு அரை மணி நேரத்தில் தொங்கும். பாலக்காட்டுக் கணவாயில் மேற்கிலிருந்து வரும் காற்று உங்களுக்கு நேர் எதிர். தார்பாயின் முன் விளிம்பில் ஒரு கை நுழையும் இடைவெளி இருந்தாலும் அதற்குள் புகுந்து ஊதித் தூக்கிவிடும். முன் விளிம்பைக் கேபின் பக்கம் கீழே மடித்து, மடிப்பின் மேல் குறுக்குக் கயிறு போடுங்கள். முன் பாய் பின் பாயின் மேல் ஏறியிருக்கும்படி விரியுங்கள். கணவாய்க்குள் நுழையும் முன் நிறுத்தி ஒரு முறை இறுக்குங்கள். அமெரிக்க விதி முதல் 80 கிலோமீட்டருக்குள் லோடு கட்டியிருப்பதை மறுபடி பார்க்கச் சொல்கிறது. வைக்கோலுக்கு 30-லேயே பார்ப்பது நல்லது.

வைக்கோல் வண்டிக்கென்று தனியாக மூன்று. சைலன்சர் மேலும் அதன் குழாய் மேலும் உதிர்ந்த வைக்கோலைத் தினமும் கையால் எடுத்துவிடுங்கள். பேட்டரி மூடி இருக்கிறதா, வயர் உரசுகிறதா பாருங்கள். தீயணைப்பான் முள் பச்சையில் இருக்கட்டும், அது லோடுக்கு அடியில் இல்லாமல் கேபினில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். பக்கவாட்டிலோ உயரத்திலோ அனுமதித்ததற்கு மேல் நீட்டினால் 20,000 ரூபாய் என்பது ஒரு பக்கம். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி உரசி எரிந்த வைக்கோல் லாரியை அணைக்க எந்தத் தீயணைப்பானும் போதாது.

கேள்வி: ஆரியங்காவு பக்கம் மழையில் பின்னால் வரும் வண்டிக்கு நம் வண்டி தெரிவதே இல்லை. கூடுதல் விளக்கு போடலாமா?
— ஓட்டுநர், தென்காசி

இருப்பதைத் துடையுங்கள். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை ஒட்டித்தான் எஃப்.சி. எடுத்திருப்பீர்கள். சேறு படிந்தால் அது இருந்தும் இல்லாததுதான். ஈரத் துணி போதும், டீசல் போட்டுத் துடைக்காதீர்கள். பின் விளக்கைத் தனியாகப் பார்க்கச் சுவர் ஓரமாகப் பின்னால் நிறுத்தி, மிதித்தால் சுவரில் சிவப்பு கூடுகிறதா பாருங்கள். வண்டி வழியில் நின்றுபோனால் முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னாலேயே, பின்னால் வருபவருக்குப் போதிய தூரத்தில் தெரியும்படி வையுங்கள். கல்லையும் கிளையையும் ரோட்டில் அடுக்கி வைத்துவிட்டு, வண்டி சரியானதும் அப்படியே விட்டுப் போகாதீர்கள். இருட்டில் வரும் பைக்காரர் அதில்தான் மோதுவார்.

கேள்வி: ஸ்டீயரிங் எவ்வளவு ஆடலாம்?
— ஓட்டுநர், சத்தியவேடு

பவர் ஸ்டீயரிங் என்றால் இன்ஜின் ஓடட்டும். முன் வீல் நேராக இருக்கும்போது, வீல் அசையத் தொடங்கும் வரை ஸ்டீயரிங் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். 20 அங்குல ஸ்டீயரிங்குக்கு இரண்டு அங்குலம் மேல் எல்லை. அதற்கு மேல் போனால் கிளீனரை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் லேசாக ஆட்டச் சொல்லி, நீங்கள் கீழே டை ராட் (இரு முன் வீல்களையும் இணைக்கும் ராடு) எண்டையும் டிராக் லிங்க் (ஸ்டீயரிங்கிலிருந்து வீலுக்குப் போகும் ராடு) முனையையும் கையால் பிடித்துப் பாருங்கள். ராடு அசைந்தும் எதிர்ப்பக்கம் அசையாத இடம்தான் தேய்ந்த இடம். எல்லா நட்டிலும் ஸ்ப்ளிட் பின் இருக்க வேண்டும், அதற்குப் பதிலாகக் கம்பி கட்டியிருக்கக் கூடாது.

கேள்வி: வழியில் காற்று லீக் ஆகி பின் வீல் பூட்டிக்கொண்டால், சேம்பர் பின்னால் இருக்கும் போல்ட்டைப் போட்டு விடுவித்து ஓட்டலாம் என்கிறார்கள். சரியா?
— கிளீனர், கூடலூர்

காற்று போனால் சேம்பருக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் வீலைப் பூட்டுகிறது; அந்த போல்ட் ஸ்பிரிங்கைப் பின்னால் இழுத்து வைக்கிறது. அது வண்டியை ரோட்டோரம் ஒதுக்கவோ, கட்டி இழுக்கவோதான். போட்ட வீலுக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது, காற்று போனாலும் தானாகப் பிடிக்காது. அந்த நிலையில் குமுளி மலை இறங்குவது தற்கொலை. போடும் முன் கட்டை வையுங்கள், ஓரம் கட்டியதும் கட்டையை எடுக்காதீர்கள். அந்தச் சேம்பரின் நடு வளையத்தைக் கழற்றி உள்ளே பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒரு டன்னுக்கும் கூடுதலான விசையோடு அமுங்கியிருக்கிறது. வளையம் விட்டதும் மூடி பறந்து எதிரே இருப்பவர் உயிரை எடுக்கும். கெட்டுப்போனால் சேம்பரை முழுதாகவே மாற்ற வேண்டும்.